குருத்து போன கண் மறுபடி தளிர்க்குமா?

எங்கள் பெரியம்மாவுக்கு 74 வயது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்குவது அவர் வழக்கம். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். முறம் மடியில் இருக்கிறது, அவர் பார்வையோ வாசல் தூணில் இருக்கிறது. கை மட்டும் அரிசிக்குள் துழாவிக்கொண்டிருந்தது. என்ன பெரியம்மா என்று கேட்டேன்.

"நேரா பாத்தா நடுவுல தெரிய மாட்டேங்குது தம்பி. முறத்தோட ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுல மட்டும் புகை மூட்டுன மாதிரி இருக்கு. அதான் சாச்சுப் பாக்குறேன்" என்றார். வாசலில் யார் வந்து நின்றாலும் கொஞ்ச நாளாகக் குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறார் என்று அண்ணி சொன்னார்.

புரை என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இது புரை இல்லை, வயதால் வரும் மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது, அதில் உலர் வகை என்றார். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனதைத் திருப்பித் தர இப்போதைக்கு மருந்து இல்லை என்றும் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் நடந்திருக்கிறது. "ஸ்டெம் செல் ஊசி, கத்தி இல்லை, ரத்தம் இல்லை" என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு ஒன்றரை லட்சம். பெரியம்மாவின் தோட்டை அடகு வைப்பதாக முடிவும் ஆகிவிட்டிருந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.

"ஊசி போட்டா கண்ணு மறுபடி முளைச்சுடுமாமே. நீ பள்ளிக்கூடத்துல இதத்தானே சொல்லித் தர?" என்றார் பெரியம்மா. ஆமாம், நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். அன்று திண்ணையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தென்னையும் வாழையும்

கஜா புயல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. எங்கள் கொல்லையில் நாலு தென்னை விழவில்லை, ஆனால் கொண்டை முறிந்துபோனது. மரம் நிற்கிறதே, வேர் இருக்கிறதே என்று பெரியப்பா மாதக்கணக்கில் தண்ணீர் விட்டார். ஒரு ஓலைகூட வரவில்லை. தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போனது. அதே கொல்லையில் வாழை மொத்தமும் சாய்ந்தது. வெட்டிப் போட்டதோடு சரி, யாரும் கவனிக்கவில்லை. சில வாரங்களில் மண்ணுக்குள் இருந்த கிழங்கிலிருந்து புதுக் கன்று வந்துவிட்டது.

உடம்பிலும் இந்த இரண்டு வகைத் திசுக்களும் உண்டு. தோல் கிழிந்தால் மூடிக்கொள்கிறது, ரத்தம் கொடுத்தால் ஊறிவிடுகிறது. அங்கெல்லாம் வாழைக்கிழங்கு போலச் சில செல்கள் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. அவை பிரியும்போது ஒரு பாதி தன்னைப் போலவே இருந்துவிடும், மறுபாதி வேலை செய்யும் செல்லாக மாறிப் போகும். அதனால் கிழங்கு தீர்வதில்லை. இவைதான் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கண்ணைப் பொறுத்தவரை விஷயம் இதுதான்: கண்ணின் முன்பக்கத் தோல் வாழை மாதிரி, பின்பக்கத் திரை தென்னை மாதிரி. ஸ்டெம் செல்லால் எனக்குப் பார்வை வருமா என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்குப் போனது முன்பக்கமா, பின்பக்கமா என்பதைத்தான். நோட்டீஸ் அடிப்பவர்கள் ஒருபோதும் கேட்காத கேள்வியும் இதுதான்.

வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு பாடம்

முன்பக்கத்தை முதலில் பார்ப்போம். அங்கே நல்ல செய்தி இருக்கிறது.

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கருவிழியின் மேல்தோல், வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிவிடுகிறது. களத்தில் நெல் தூற்றும்போது தூசி பட்டு மேல்தோலில் கீறல் விழுந்தால், கிருமி சேராத வரைக்கும் ஓரிரு நாளில் அது ஆறிவிடுவது இதனால்தான். (கிருமி சேர்ந்தால் கதை வேறு. உமியோ நெல் தாளோ பட்ட கண்ணில் பூஞ்சை சேர்ந்து புண்ணாவது நம் பக்கத்தில் சாதாரணம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் தாய்ப்பாலையும் விட்டுக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.) புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? கண்ணில் கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் வரப்பு மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது. லிம்பஸ் என்று பெயர். அதுதான் நாற்றங்கால். ஸ்டெம் செல்கள் அங்கே இருந்துகொண்டு, புதுச் செல்களை ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது வெற்றிலைப் பெட்டிக்கு வருகிறேன். தாத்தா பாட்டி வெற்றிலை போடும் வீட்டில் சுண்ணாம்பு டப்பாவோ பிளாஸ்டிக் பொட்டலமோ கிடக்கும். குழந்தை அதை எடுத்து அழுத்தும். பொட்டலம் வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்கு நடந்தது, அப்போது அவனுக்கு ஐந்து வயது. சுண்ணாம்பு காரம். அமிலம் பட்டால் மேலே இருக்கும் புரதம் உறைந்து, கொஞ்சமாவது தடுப்புப் போல நின்றுகொள்ளும். காரம் அப்படி நிற்பதில்லை. செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகும்போது லிம்பஸ் வட்டத்தையும் வேகவைத்துவிடுகிறது. நாற்றங்கால் அழிந்த கருவிழியின் மேல் பக்கத்து வெள்ளைப் படலமும் ரத்தக்குழாய்களும் படர ஆரம்பிக்கும். தூர்வாராத வாய்க்காலில் ஆகாயத்தாமரை மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஊரில் இதைத்தான் பூ விழுந்துவிட்டது என்கிறார்கள். பூ விழ வேறு காரணங்களும் உண்டு.

கண்தானத்தில் கிடைக்கும் கருவிழியை மாற்றி வைத்தால் போதாதா என்று பையனின் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றி வைத்த கருவிழிக்கும் மேல்தோல் கொடுக்க வேண்டியது நோயாளியின் சொந்த லிம்பஸ்தான். அது இல்லாவிட்டால் புதுக் கருவிழியும் மூடிப்போகும். நாற்றங்காலைச் சரிசெய்யாமல் வயலை மட்டும் உழுது என்ன பயன்?

சரிசெய்ய வழி இருக்கிறது. 1997இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கிராசியெல்லா பெல்லெகிரினி, மிக்கேலே தெ லூகா ஆகியோர், நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து துளியூண்டு லிம்பஸ் எடுத்து, ஆய்வகத்தில் தோலாக வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டிக் காட்டினார்கள். இந்த முறையில் உருவான ஹோலோக்ளார் என்ற சிகிச்சைக்கு 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் ஸ்டெம் செல் மருந்து அதுதான். கண்ணுக்கானது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஆய்வகத்தில் வளர்ப்பதற்குச் செலவு அதிகம். ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வானும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட முறைக்கு ஆய்வகமே தேவையில்லை. நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு எடுக்கிறார்கள். ஏறக்குறைய எள்ளளவு, அவ்வளவுதான். கெட்ட கண்ணில் படர்ந்த படலத்தை உரித்துவிட்டு, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை மேலே விரிக்கிறார்கள். எடுத்த துண்டை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, இடைவெளி விட்டு வட்டமாக வைத்து, உயிர்ப்பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் செல்கள் பரவி ஒன்றோடொன்று கூடி, சில வாரங்களில் கருவிழியை மூடுகின்றன. இந்த முறையின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நடவு வயல்தான் ஞாபகம் வந்தது. நாற்று முடியைப் பிரித்து, இடம் விட்டு நட்டால் தூர் கட்டி வயல் நிறைந்துவிடுமே, அதேதான். இதன் பெயர் சுருக்கமாக ஸ்லெட். வெளிநாடுகளிலும் இதைச் செய்கிறார்கள். எங்கள் தெருப் பையனுக்கும் ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இதைத்தான் செய்தார்கள். இப்போது அந்தக் கண்ணால் கரும்பலகையைப் படிக்கிறான்.

இரண்டு கண்ணும் வெந்துபோனால் நல்ல துண்டு எடுக்க இடம் இல்லை. சொந்தக்காரர் கண்ணிலிருந்து எடுக்கலாம், ஆனால் உடம்பு அதைத் தள்ளாமல் இருக்க மருந்து சாப்பிட வேண்டும். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கோஜி நிஷிதா 2019இல் இன்னொரு வழியைத் தொடங்கினார். சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பி, அதிலிருந்து கருவிழித் தோலை வளர்ப்பது. நாலு பேருக்கு வைத்தார்கள், அதில் மூன்று பேருக்குக் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருஷத்துக்கு மேல் நிலைத்தது. நாலு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இருந்தாலும் வழி திறந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆட்டோ தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். குழாயடியில் படுக்கவைத்து, இமையை விரித்து, குறைந்தது அரை மணி நேரம் ஊற்றிக் கழுவுங்கள். இமைக்கு அடியில் ஒட்டிய கட்டியை நனைத்த சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அதற்கப்புறம் போகலாம். அந்த அரை மணியில் பிழைக்கிற லிம்பஸ் செல்லுக்கு எந்த அறுவையும் ஈடாகாது.

விடியற்காலையில் வாசல் பெருக்குபவர்

அப்புறம் பின்பக்கம். பெரியம்மாவின் பிரச்சினை இங்கேதான்.

கண்ணுக்குள் போகிற வெளிச்சம் கடைசியில் விழுவது விழித்திரையில். அங்கே ஒளியை உணர இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு அவை. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நிறத்துக்கும் கூர்மைக்கும் அவை. கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் நடுப்புள்ளிதான் மாகுலா. எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை.

இந்தச் செல்களுக்கு அடியில் ஒரே அடுக்காக, தரையில் கல் பதித்தது போல, நிறமிப் படலம் என்று ஒன்று இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத படலம். ஆனால் கண்ணில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குச்சி செல்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் நுனியில் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றன, அதுவும் விடிந்து வெளிச்சம் பட்டதும். உதிர்ந்ததை எல்லாம் நிறமிப் படலம் தின்று சுத்தம் செய்கிறது. கூடவே உணவு, வைட்டமின் ஏ எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறது. மார்கழியில் இருட்டோடு எழுந்து வாசல் பெருக்கிச் சாணம் தெளிப்பார்களே, அந்த வேலையை வருஷம் முழுக்க, வாழ்நாள் முழுக்கச் செய்கிறது. இதற்கு மாற்று ஆளே கிடையாது. பெரியவர்கள் கண்ணில் இந்தச் செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. பிறந்தபோது கிடைத்தவையே 80 வயது வரை பெருக்க வேண்டும்.

வயதாக ஆகப் பெருக்குபவருக்கு முடியாமல் போகிறது. குப்பை சேர்கிறது. மஞ்சள் புள்ளிகளாகத் தேங்கும் அந்தக் குப்பையை டாக்டர் கண்ணுக்குள் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு கட்டத்தில் நிறமிப் படலம் திட்டுத் திட்டாகச் செத்துப்போகிறது. ஆதரவு இல்லாமல் மேலே இருக்கும் கூம்பு செல்களும் பின்னாலேயே போகின்றன. நடுவில் இருட்டு விழுகிறது. இதுதான் உலர் மாகுலா சிதைவு. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதே படலமும் இதே மாகுலாவும் இளம் வயதில் மரபணுக் கோளாறால் பாழாவதும் உண்டு, அதற்கு ஸ்டார்கார்ட் நோய் என்று பெயர்.

ஆய்வாளர்கள் இங்கே ஒரு வாய்ப்பைப் பார்த்தார்கள். முதலில் போவது பெருக்குபவர். அவர் போனதும் கூம்பு செல்கள் உடனே செத்துவிடுவதில்லை, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கின்றன. அந்த இடைவெளியில் புதிய நிறமிப் படலத்தை அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டால்? நரம்போடு இணைக்கும் வேலையும் இல்லை, ஏனென்றால் இந்தப் படலம் நரம்பு செல் கிடையாது.

செல்லுக்கு எங்கே போவது? கண்ணுக்குள் கிழங்கு இல்லை. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கருவின் முதல் சில நாட்களில் இருக்கும் செல்கள் எந்த உறுப்பாகவும் மாறக்கூடியவை. அவற்றை 1998இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். 2006இல் கியோட்டோவில் ஷின்யா யமனாகா அதைவிட ஆச்சரியமான ஒன்றைச் செய்தார். வளர்ந்துவிட்ட எலியின் தோல் செல்லில் நாலே நாலு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருச்செல் போலத் திருப்பிவிட்டார். அடுத்த வருஷம் மனித செல்லிலும் செய்தார். 2012இல் அவருக்கும் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்படித் திருப்பிய செல்லை ஐபிஎஸ் செல் என்கிறார்கள். முற்றிய ஓலையை மறுபடி குருத்தாக்கிய மாதிரி. வகுப்பில் இதைச் சொல்லும் நாளில் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

யாருக்கு வைத்தார்கள், என்ன ஆனது

2012இல் அமெரிக்காவில், கருச்செல்லிலிருந்து உருவாக்கிய நிறமிச் செல்களை விழித்திரைக்கு அடியில் செலுத்திய முதல் முடிவுகள் வந்தன. முதல் இருவரில் ஒருவருக்கு ஸ்டார்கார்ட், இன்னொருவருக்கு உலர் மாகுலா சிதைவு. பிறகு 18 பேர் வரை போனார்கள். ஐம்பதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் செல்கள் வரை செலுத்தினார்கள். கட்டி எதுவும் வளரவில்லை என்பதுதான் அதில் பெரிய செய்தி.

2014 செப்டம்பரில் ஜப்பானில் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் சொந்தத் தோல் செல்லையே ஐபிஎஸ் ஆக்கி, நிறமிப் படலமாக வளர்த்து வைத்தது. அகலம் 1.3 மில்லிமீட்டர், நீளம் 3 மில்லிமீட்டர். படலம் உயிரோடு நிலைத்தது. பார்வை கூடவில்லை, மேலும் கெடவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். அந்த நிறுத்தத்தைத்தான் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று கத்தியைக் கீழே வைப்பது லேசான காரியமில்லை.

2018இல் லண்டனிலிருந்து வந்த முடிவு மனசுக்குத் தெம்பு தந்தது. மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் இரண்டே பேருக்கு நிறமிப் படல ஒட்டு வைத்தார்கள். மாகுலா சிதைவின் இன்னொரு வகையான, புது ரத்தக்குழாய் வளர்ந்து கசியும் ஈர வகை முற்றி, திடீரென்று பார்வை போனவர்கள். ஒருவர் நிமிஷத்துக்கு இரண்டு சொல்கூடப் படிக்க முடியாத நிலையிலிருந்து 80 சொல்லைத் தாண்டினார். இன்னொருவர் ஒன்றுமே படிக்க முடியாத நிலையிலிருந்து 50க்குப் பக்கம் வந்தார். இருவருக்கும் பார்வை போய் அதிக நாள் ஆகவில்லை என்பதை மறக்கக் கூடாது. கூம்பு செல்கள் இன்னும் சாகவில்லை.

உலர் வகைக்கு அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தில் கபில் பார்தியின் குழு, நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து ஒட்டு தயாரித்து 2022இல் முதல் ஆளுக்கு வைத்தது. பெங்களூரின் ஐஸ்டெம் நிறுவனமும் இதே நிறமிச் செல்களை வைத்து இந்தியாவில் மனிதச் சோதனையில் இறங்கியிருக்கிறது. எல்லாமே சோதனைதான். கடையில் வாங்கும் மருந்தாக எதுவும் இன்னும் வரவில்லை.

மாலைக்கண் வேறு, நரம்பு வேறு

பெரியம்மாவின் நோய்க்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றால், மற்ற நோய்களுக்கு? அங்கே பாதை இன்னும் நீளம்.

இரவில் தடுமாறுவதை மாலைக்கண் என்கிறோம். வைட்டமின் ஏ குறைவால் வந்தால் அந்தச் சத்தைக் கொடுத்தாலே சரியாகிவிடும். ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயால் வந்தால் அப்படி இல்லை. குச்சி செல்கள் முதலில் சாகும், பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி, மூங்கில் குழல் வழியே பார்ப்பது போல ஆகிவிடும். உலகத்தில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இந்த மாதிரி மறைந்திருக்கும் மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், கல்யாணம் பேசும் முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

இதில் போனது பெருக்குபவர் இல்லை, பயிரே போய்விட்டது. புதுக் குச்சி செல்லை நட்டால் மட்டும் போதாது, அது அடுத்த நரம்பு செல்லோடு கைகோக்க வேண்டும். எலிகளில் நட்ட செல்கள் பிரமாதமாக இணைந்துவிட்டன என்று பத்து வருஷம் நம்பினார்கள். 2016இல் கூர்ந்து பார்த்தால், பல இடங்களில் நட்ட செல் இணையவே இல்லை. தன் புரதங்களை மட்டும் பழைய செல்லுக்குக் கொடுத்திருந்தது. நட்ட செல்லில் அடையாளத்துக்கு வைத்த ஒளிரும் புரதமும் அதோடு போனதால் பழைய செல் ஒளிர்ந்து, புதுச் செல் போலத் தெரிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் தாங்களாகவே இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், வேலையைத் தொடர்கிறார்கள்.

கண் அழுத்த நோயில் போவது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள், ஒவ்வொன்றும் மூளையில் தன் இடத்தைச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். "நரம்பு காஞ்சு போச்சு, ஸ்டெம் செல் வச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்யாண மண்டபத்து ஊசி

இப்போது அந்த நோட்டீஸ். வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து, கண்ணுக்குள் ஊசி போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கொழுப்பில் குருத்தணு இருப்பது உண்மைதான். ஆனால் வளர்ந்த உடம்பின் குருத்தணு தன் குலத்தைத்தான் வளர்க்கும். வாழைக்கிழங்கு வாழையைத்தான் தரும். தென்னந்தோப்பில் புதைத்ததால் அது தென்னை ஆகாது. கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் விட்டால் அது நிறமிப் படலமாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பயனில்லை என்றால்கூடப் பணத்தோடு போகும். கண்ணே போனது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், மாகுலா சிதைவு இருந்த மூன்று பெண்மணிகள் இதே கொழுப்பு ஊசியை ஆளுக்கு 5,000 டாலர் கட்டிப் போட்டுக்கொண்டார்கள். ஒரே நாளில் இரண்டு கண்ணிலும். உள்ளே வந்தபோது ஓரளவு பார்வை இருந்தவர்கள். விழித்திரை கழன்று, ரத்தம் கசிந்து, மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். 2017இல் மருத்துவ இதழில் இது வெளியானது. அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்ததைப் பார்த்து, முறையான ஆய்வு என்று நம்பிப் போனவரும் அவர்களில் உண்டு.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை ஏற்கப்பட்டது. விழித்திரை நோய்க்கு ஸ்டெம் செல் என்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்கலாம். முறையான ஆய்வில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். முதலில் ஒரு கண்ணில்தான் வைப்பார்கள், அதுவும் பார்வை அதிகம் கெட்ட கண்ணில். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் கேட்டால் காட்டுவார்கள். இது பலிக்காமல் போகலாம் என்று எழுதியே கையெழுத்து வாங்குவார்கள். நிச்சயம் பலிக்கும் என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்பவர் ஆய்வு செய்யவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டீஸை மடித்து அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோனார்.

திண்ணையில் மிச்சப் பேச்சு

"அப்ப எனக்கு வராதா?" என்று கேட்டார் பெரியம்மா. பொய் சொல்ல வாய் வரவில்லை. "போனது வர்றதுக்கு இன்னிக்கு வழி இல்ல பெரியம்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்" என்றேன். டாக்டர் சொன்னபடி சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தினமும் பார்க்க வேண்டும். கோடு திடீரென்று வளைந்து தெரிந்தால் உலர் வகை ஈர வகையாகியிருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி உண்மையிலேயே இருக்கிறது, சீக்கிரம் போனால் பலனும் இருக்கிறது. அது ஸ்டெம் செல் இல்லை, புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து.

குறைபார்வைப் பிரிவில் விளக்கு வைத்த உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். நடுவை விட்டு ஓரத்தால் பார்க்கப் பழக்கவும் செய்தார்கள். அதை அவர் முறத்தோடு தானாகவே கண்டுபிடித்திருந்தார் என்று சொன்னதும், பயிற்சி கொடுத்த பெண் சிரித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் ஊருக்குப் போனேன். விடிந்தும் விடியாமலும் வாசலில் பேத்தி புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா குனிந்து, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, புள்ளியைச் சுற்றிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். குனிந்தபோது காதில் தோடு ஆடியது. ஒரு இடத்தில் கோடு புள்ளி மேல் ஏறிவிட்டது. "எங்கடி ஏறுச்சு, சொல்லு" என்றார். அவள் சொன்னாள். விரலால் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்தார்.